கோயில் வாசலில் கழற்றிய சப்பாத்து

ஸ்டுட்கார்ட்
17.11.1996

அன்புள்ள லவினியாவின் அப்பாவுக்கு,

நேற்று பிராங்பேர்ட் பார்க்கப் போனவர்கள் நானும் பிள்ளையும், பக்கத்து அறை மெற்றில்டா அக்காவும். மாதாவின் புண்ணியத்தில் மூவரும் சுகம். கொழும்பில் உங்களுக்கு அந்த இருமல் விட்டதா?

ஆற்றுப் பாலம், உயரக் கட்டிடங்கள் எல்லாம் பார்த்தோம். எனக்கு ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. உங்கள் விசாவுக்காக மெழுகுதிரி ஏற்றவென்று அங்குள்ள பெரிய கோயிலுக்குப் போனேன். மடு மாதா கோயிலுக்குப் போய்வந்த பழக்கத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். மன்றாடிவிட்டு வந்து பார்த்தால் சப்பாத்தைக் காணவில்லை. மழை வேறு.

"இது மடு இல்லையடி! ஸ்டுட்கார்ட் வரைக்கும் வெறுங்காலோட நடக்க நேர்த்தியோ?" என்று அக்கா சிரித்தா.

அப்போது உள்ளேயிருந்து ஒரு வயதான ஜேர்மன்காரி என் சப்பாத்தோடு வந்தா. நனைகிறதென்று எடுத்துப்போய் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. காலை விட்டேன், இளஞ்சூடு. ஏனோ கண் கலங்கிவிட்டது.

"சப்பாத்து கிடைச்சதுக்கு அழுகிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றா அக்கா. நானும் சிரித்துவிட்டேன்.

நீங்கள் செருப்போடு வந்து இறங்கினால் இந்தக் குளிருக்கு ஏலாது. ஒரு தாளில் காலை வைத்து, சுற்றிவரக் கோடு கீறி அனுப்புங்கோ. மலிவு விற்பனை முடியமுன் உங்களுக்கும் ஒரு சோடி வாங்கி வைக்கிறேன். இரண்டு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. விசாவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தக் காலையாவது கீறி அனுப்புங்கோ.

பிள்ளை எழும்பிவிட்டாள். கெதியாகப் பதில் போடுங்கோ.

உங்கள்
புளோரா