நாலு பிளக்குக்கும் நாலு துணி

அன்புள்ள மகள் அருணாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடும் மிஞ்சியிருக்கிற கோழிக்குஞ்சுகளும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே மெல்போர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாசி பெரியசாமியை நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ ஒன்பது சொல்லி முடித்துவிடுகிறாய், அதனால் எழுதி ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு. நேற்றிலிருந்து நம் வீட்டு ஸ்மார்ட் பிளக் நாலும் உன் செல்லில் காணாமல் போயிருக்கும். நீ பதறிக் கூப்பிட்டபோது தையல்கடை சுகுணாவை எடுக்கச் சொல்லி, அம்மா நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொல்ல வைத்தேன். பிளக் ஒன்றும் கெட்டுப்போகவில்லை கண்ணு, நான்தான் மாற்றினேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ அவற்றை மாட்டிவிட்டுப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் சாணி அள்ளிவிட்டு வருவதற்குள் ஹீட்டரில் வெந்நீர் தயாராக இருக்கும், என் மகள் அங்கே ஆபீஸ் வேலைக்கு நடுவில் செல்லைத் தட்டி இந்த வாழவந்தி நாட்டு மலைக்குளிரில் எனக்குத் தண்ணீர் சுட வைக்கிறாள் என்று பஸ்ஸில் பார்த்தவர்களிடம் எல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அரியூர் நாட்டுக்கு உன் மாமா வீட்டுக்குப் போய் இருட்டித் திரும்பினால் வாசல் பல்பு எனக்கு முன்னாலேயே எரியும். டிவி விஷயம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நேரத்தோடு தூங்க வேண்டும் என்று ஒன்பது மணிக்கு அது தானாக அணைகிற மாதிரி வைத்துவிட்டாய், சீரியலில் அந்தப் பெண் கதவைத் திறக்கக் கையை வைப்பாள், டிவி அணைந்துவிடும், அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று அடுத்த நாள் சுகுணாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். நாலாவது பிளக், தாய்க்கோழியைக் கீரி தூக்கிப்போன பிறகு குஞ்சுகளுக்குச் சூட்டுக்காகப் பெட்டியில் மாட்டிய பல்புக்கு.

குஞ்சுகள் செத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ முழுவதும் கேட்கவே இல்லை. சித்திரை இடியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, போன வருஷம் காளியண்ணன் வீட்டு ஃபிரிட்ஜ் கருகிப்போனதிலிருந்து முதல் உறுமல் கேட்டாலே கை தானாகச் சுவருக்குப் போகிறது. வைஃபை பெட்டி முதல் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். மழை விட்டதும் திருப்பிச் சொருகினேன். டிவி பிளக்கும் குஞ்சு பிளக்கும் ஒரே அச்சு, ஒரே வெள்ளை, இடம் மாறிவிட்டது. ஒன்பது மணி ஆயிற்று, டிவி அணையவில்லை. மகள் மனம் இரங்கிவிட்டாள் என்று நினைத்து, கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று கடைசிவரை சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் படுத்தேன். பின்கட்டில் அந்த ஒன்பது மணிக்கே குஞ்சுகளின் பல்பு அணைந்து போயிருக்கிறது. விடிந்து போய்ப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன, நடுவில் இருந்தவை மட்டும் மூச்சு விட்டன. அவற்றை முந்தானையில் வாரி அடுப்பருகே வைத்துக்கொண்டுதான் உன்னை வீடியோவில் கூப்பிட்டேன். நீ அங்கிருந்து குஞ்சு பல்பை ஒரு தடவை அணைத்துப் போட்டாய், நடு வீட்டில் டிவி அலறியது. உடனே நீ, "அம்மா, மாத்திச் சொருகிட்டீங்க. இனி உங்களுக்குத் தனியா முடியாதுங்க. அண்ணங்கிட்டச் சொல்றேன், ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வருவாங்க, ஊட்டைப் பூட்டிட்டுச் சேலம் போயிருங்க" என்று சொல்லிவிட்டாய். குஞ்சு செத்ததற்கு அழுதுகொண்டிருந்தவளுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

இப்போது வருகிறது. மாற்றிச் சொருகியது என் தப்பு. என் டிவிக்கு நீ நேரம் வைத்தது உன் தப்பு. இரண்டும் சேர்ந்துதான் குஞ்சுகளைக் கொன்றன, அதற்கு நான் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டுமா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து யாராவது வீட்டைக் கொளுத்துவார்களா? நான் போக மாட்டேன் அருணா. உன் அண்ணன் வேல்முருகன் நல்ல பிள்ளை, மருமகளும் தங்கமானவள், ஆனாலும் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு மணி பார்க்க என்னால் ஆகாது. என் மிளகுக்கொடி இங்கே இருக்கிறது, மாடு இங்கே இருக்கிறது.

அதனால் நேற்றுக் காலை சுகுணாவைக் கூட்டி வந்து அந்த ஆப்பை என் செல்லில் போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு அவள், "ஏனுங்கக்கா, இந்த ஆப்புல ஊடு அருணா பேர்ல இருக்குதுங்க, அவ சேத்தாத்தான் நீங்க உள்ளயே வர முடியும்" என்றாள். நானும் உன் அப்பாவும் கல் சுமந்து கட்டிய வீடு, செல்லில் இருக்கிற வீட்டில் நான் ஆளாகவே இல்லை. கோபம் வந்தது, அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. ஒவ்வொரு பிளக்கிலும் இருக்கிற சின்னப் பொத்தானை விளக்கு மினுக்குகிற வரை அழுத்திப் பிடித்து நாலையும் புதிதாக என் பேரில் சேர்த்தோம். பிறகு கோழிக்குச் செய்வதைத்தான் பிளக்குக்கும் செய்தேன். மேய விடும்போது யார் வீட்டுக் கோழி என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் காலில் துணி கட்டுவோமே, அதே மாதிரி சுகுணா கடையில் விழுந்த வெட்டுத் துணியில் குஞ்சுப் பெட்டிக்கு நம் வீட்டு மஞ்சள், டிவிக்கு நீலம், ஹீட்டருக்குச் சிவப்பு, வாசலுக்குப் பச்சை. பிளக்கில் ஒரு துண்டு, அதற்குரிய ஒயரிலும் அதே நிறத்தில் ஒரு துண்டு. சாயங்காலமே இடி வந்து பரீட்சை வைத்தது. எல்லாவற்றையும் பிடுங்கினேன், விட்டதும் நிறம் பார்த்துச் சொருகினேன். இன்று காலையில் குஞ்சுகள் பெட்டிக்குள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தீனிக்குக் கத்துகின்றன.

ஆப்பில் சேரச் சொல்லி உனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கும், ஏற்றுக்கொள், நீயும் இந்த வீட்டு ஆள்தான். வெந்நீர் மட்டும் இனியும் நீயே போடு, நான் போட்டால் அது வெறும் வெந்நீராகத்தான் இருக்கும். டிவி பக்கம் வராதே. வாசல் பல்பைக் காலையில் எழுந்ததும் நான் போடுவேன், உன் செல்லில் அது எரிவது தெரிந்தால் அம்மா எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். எரியாவிட்டால் சுகுணாவைக் கூப்பிடு, அவள் வந்து பார்ப்பாள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கே உன் அண்ணனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரட்டும், சாமைச் சோறும் கோழிக் குழம்பும் தின்றுவிட்டு வந்த காரிலேயே தனியாகத் திரும்பட்டும் என்று சொல்லிவிடு. நான் சொன்னால் சண்டையாகும்.

நேரத்துக்குச் சாப்பிடு சாமி, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைந்து வாழ வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இது இடிக் காலம். திடீரென்று ஒருநாள் நாலு பிளக்கும் உன் செல்லில் ஒரே சமயத்தில் செத்துப்போகும். அதைப் பார்த்துப் பயப்படாதே. உன் அம்மா எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறாள், அவள்தான் பிடுங்கியிருக்கிறாள்.

உன் அம்மா,
சின்னக்கண்ணு