சிவப்பு நூல் போகும் வழி

அக்கா,

தொழுவத்துப் பாலனின் சட்டைக் கையிலிருந்து ஒரு சிவப்பு நூல் தொங்கியது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். தட்டிவிடக் கையை வைத்தேன். நூல் அசையவில்லை. நீங்கள் வரைந்த நூல்.

நேற்றுப் பின்னேரம் கோவில் பெட்டியிலிருந்து உங்கள் சீலையை எடுத்து விரித்தோம். பாலன் குடிலுக்குப் பின்னால் தொங்கவிட, பழைய தோணிப் பாய்ச்சீலையில் நீங்கள் வரைந்த பெத்லகேம். பூச்சி உருண்டை மணத்தோடு உங்கள் சாயத்தின் மணமும் வந்தது. நீங்கள் காய்ச்சலில் போன பிறகு வரும் முதல் நத்தார் இது.

மூன்று ராசாக்களையும் நீங்கள் ஒட்டகத்தில் ஏற்றவில்லை. மூதூர் லாஞ்ச் படகில் கொண்டுவந்து இறக்கினீர்கள். ஒருவர் காற்றில் மணிமுடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒருவருக்குக் கடல் ஒத்துவராமல் முகம் பச்சை. மற்றவர் கையில் தயிர்ச்சட்டி. தொழுவத்தில் கழுதைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிமான். "பெத்லகேமில மான் ஏது?" என்று பங்குச் சுவாமி கேட்டபோது, "இஞ்ச கடைத்தெரு முழுக்கத் திரியுது, அங்க மட்டும் போகாதோ சுவாமி?" என்றீர்கள்.

சத்திரத்தின் கதவைச் சத்திரக்காரர் பூட்டியிருப்பார். பார்க்கிறவர்கள் எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள். பின்பக்கத்துக் குசினி யன்னலால் ஒரு வளையல் கை வெந்நீர்ச் செம்பை நீட்டுவதை நான் கண்டேன். "கதவைப் பூட்டினது அவர். வெந்நீர் குடுத்தது அவ," என்று என் காதுக்குள் சொன்னீர்கள்.

ஒவ்வொரு நத்தாருக்கும் சீலையில் புதிதாக ஒன்றை வரைந்து ஒளித்து வைப்பீர்கள். என்னோடு படித்த பிள்ளைகள் குடிலடியில் நெருக்கியடித்துத் தேடுவார்கள். அம்மாவுக்கு உடம்பு ஏலாமல் போய், பள்ளிக்கூடத்தை விட்டுத் தையலுக்கு இருந்த நான் பின்னால் நிற்பேன். "கண்டிட்டியோ?" என்று கேட்பீர்கள். தலையாட்டுவேன். "அப்ப வாயைத் திறவன். வாயில ஊசி இருந்தா ஒருத்தரும் உன்னோட கதைக்க மாட்டினம் எண்டு நினைப்போ?"

தொழுவத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு நீங்கள் வரைந்ததெல்லாம் எங்கள் தெருவார் முகங்கள். தெருவில் இருந்த எல்லோரும் அந்தச் சீலையில் தங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் மட்டும் என்னைக் காணவில்லை. கேட்கவும் வெட்கம்.

நேற்றும் வாயில் ஊசியோடுதான், சீலையின் மேல்விளிம்பில் தைக்க நாடாவை அளந்துகொண்டிருந்தேன். இடது ஓரத்தை எலி கடித்திருந்தது. குடில் கட்டும் மரியான் அண்ணை கத்தரிக்கோலோடு வந்தார்.

"ஓரத்தில கிணத்தடியும் புல்லும்தானே. ஒரு முழம் வெட்டிவிட்டா நேராயிடும்."

அவர் முழம் போடும்போது நான் அந்தச் சிவப்பு நூலைப் பார்த்துக்கொண்டே போனேன். அது மானின் கொம்பில் ஒருமுறை சுற்றி, பச்சைமுக ராசாவின் செருப்புக்குக் கீழே நுழைந்து, தயிர்ச்சட்டியைத் தாண்டி, கிணற்றடிக்குப் போனது. கிணற்றுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு பெட்டைப் பிள்ளை இருந்தாள். மடியில் நூற்பந்து. உதட்டில் ஊசி. பாலனின் சட்டை அவள் தைத்தது. நான் இவ்வளவு நாளும் கூட்டத்துக்குள் தேடியிருக்கிறேன், அக்கா.

மரியான் அண்ணை கத்தரியை விரித்தார். நான் உதட்டிலிருந்து ஊசியை எடுத்தேன்.

"வெட்டாதேங்கோ."

அவர் சுற்றிப் பார்த்தார். "ஆர் கதைச்சது? மானோ?"

"நான்தான் அண்ணை. அதில இருக்கிறதும் நான்தான்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கிணற்றடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கிணற்றடியைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. உம்மட மூஞ்சிதான்." கத்தரியை மடக்கி மடிக்குள் செருகினார். "அப்ப இந்த எலி கடிச்சதுக்கு என்ன வழி?"

தையல் பெட்டியைத் திறந்து, சிவப்பு நூலை எடுத்து ஊசியில் கோத்தேன்.