சாய்பிரியா கடையில் வாங்கவில்லை

டாலிகஞ்ச், கொல்கத்தா
ஆகஸ்ட் 17

அன்புள்ள ஜெயலக்ஷ்மி அம்மாவுக்கு,

சுபிக்ஷா எழுதுகிறேன். நீங்களும் அப்பாவும் சுகம்தானே? ஊருக்கு வந்த பிறகு சாய்பிரியாவுக்குக் கண் கூச்சம் கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா? இங்கே ஒரு வாரமாக மழை. மெட்ரோவிலிருந்து வீடு வரை கணுக்கால் தண்ணீரில்தான் வருகிறேன். நீங்கள் இங்கே வந்திருந்தபோது உங்களுக்காக மீன் சட்டி படாமல் தனியாகச் சோறு வடித்துக் கொடுத்தாரே, நாங்கள் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அண்ணி, அவர் தினமும் அவளை விசாரிக்கிறார். அவளுடைய மருத்துவ விடுப்பை இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கச் சொல்லி அலிப்பூர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

இதெல்லாம் போனில் சொல்லக்கூடியதுதான். போனில் சொல்ல எனக்கு வாய் வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, டாக்டரிடம் போகாமல் தானாகக் கடையில் மாத்திரை வாங்கித் தின்று இப்படி ஆக்கிக்கொண்டாளே என்று அவளைத் திட்டினீர்கள். பக்கத்தில்தான் இருந்தாள் போலிருக்கிறது. உங்களிடம் அவள் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா, அவள் கடையில் வாங்கவில்லை. அந்த மாத்திரையைக் கொடுத்தது நான்.

ஜூன் மாதம் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. திங்கட்கிழமை துறைத் தேர்வு. டாக்டரிடம் போனால் அரை நாள் போய்விடும், அதுவும் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டாள். பிப்ரவரியில் எனக்கும் அதே தொந்தரவு வந்து, காளிகாட்டில் ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருந்தார். ஏழு நாள் சாப்பிடச் சொன்னதை, சரியாகிவிட்டது என்று நான் மூன்று நாளில் நிறுத்தியிருந்தேன். மீதி எட்டு மாத்திரை அலமாரியில் கிடந்தது. சனிக்கிழமை காலை அதை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் உடனே வாயில் போடவில்லை. சின்ன வயதில் ஏதோ ஒரு மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப் போனதாக நீங்கள் சொல்வீர்களாம். எந்த மாத்திரை என்று தெரியவில்லை, அம்மாவிடம் கேட்கட்டுமா என்றாள். “அது வேற ஏதாச்சும் இருக்கும்டி. எனக்கு ஒண்ணும் ஆகலையே, போடு” என்றேன். அவள் உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட விடாமல் செய்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை கடுப்பு குறைந்தது. திங்கட்கிழமை பரீட்சையை எழுதிவிட்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல், கண் சிவப்பு, வாயெல்லாம் புண். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள். பாதியில் நிறுத்தக் கூடாது, அது ஆபத்து என்று சொல்லி அன்றைக்கு இரண்டு வேளையும் நானே தண்ணீர் கொடுத்தேன். என் மாத்திரையை மூன்று நாளில் நிறுத்தியவள் நான். அவளுக்கு மட்டும் பாடம் சொன்னேன்.

புதன்கிழமை காலை அவள் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. கழுத்திலும் மார்பிலும் தோல் கொப்பளித்திருந்தது. துணி எடுக்க மாடிக்கு வந்த பௌதி அவளைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் டாக்ஸி பிடிக்க இறங்கி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர் முதலில் கேட்டது, என்ன மருந்து சாப்பிட்டாள் என்பதைத்தான். பாராசிட்டமால் என்றேன். வேறு ஏதாவது? இல்லை என்றேன். சாய்பிரியாவால் வாயைத் திறக்க முடியவில்லை. கண் இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் காது கேட்டது. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். அம்மையாக இருக்குமோ என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என் கைப்பையில் அந்த மாத்திரை அட்டை இருந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். போலீஸ் வருமோ, வேலை போகுமோ, நீங்கள் என்ன சொல்வீர்களோ என்றெல்லாம் நினைத்தேன். அவள் பிழைப்பாளா என்று நினைக்கவே அவ்வளவு நேரம் ஆனது. நினைத்ததும் உள்ளே போய் அட்டையைக் கொடுத்தேன்.

டாக்டர் திட்டவில்லை. அட்டையைப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிட்டார். சல்ஃபா வகை மருந்து, சிலருடைய உடம்பு இதை இப்படித்தான் எதிர்க்கும், அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து என்று பிறகு எனக்கு விளக்கினார். என்னுடைய மூன்று மணி நேரத்தால் என்ன கெட்டுப்போனது என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, ஆனால் செவ்வாய்க்கிழமை வாய் புண்ணானபோதே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார். அந்தப் பதிலோடுதான் தினமும் எழுந்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து நீங்கள் ரயிலில் வந்து இறங்கினீர்கள். வார்டு வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு, “நீ இல்லேன்னா எம்புள்ள எனக்கில்ல தாயி” என்றீர்கள். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உங்கள் தோளில் அழுதேன். நீங்கள் என்னைத் தேற்றினீர்கள்.

டாக்டர் கொடுத்த சீட்டை லாமினேட் செய்து இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்கு ஆகாத மருந்துகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இனி எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணில் விடும் சொட்டு மருந்தை, சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும், டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

அவளைத் திட்டாதீர்கள் அம்மா. என்னைத் திட்டுங்கள். இனி இந்த நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க வேண்டாம் என்று அப்பா சொன்னாலும் எனக்குப் புரியும்.

இன்னும் எழுத்தை உற்றுப் பார்த்துப் படிக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கடிதத்தை அவளுக்கு நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு வரியும் விடாமல் வாசியுங்கள். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் என்பதை, உங்களுக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது, ஒரு வரி எழுதினால் போதும்.

அவள் கண் தெளியட்டும்.

உங்கள் மகளோடு தங்கியிருந்த,
சுபிக்ஷா