வலிக்காத புண்

நேற்று அந்தப் பித்தளைத் தூக்கைப் பரணிலிருந்து இறக்கினேன். மூடியில் நசுங்கல் அப்படியே இருந்தது. துர்கத்து மலைப் பாறையில் உருண்டு வாங்கிய நசுங்கல். புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்த என் மனைவி, "இத்தக் குடுத்து தட்டிக்கினா இன்னா?" என்றாள். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ரம்ஜானுக்கு மறுநாள், தோஸ்த், நம் தோல் பதனிடும் ஷாப்பு திறக்காது. வருஷம் தவறாமல் அன்று நாம் இருவரும் மலை ஏறுவோம். உன் அம்மா தூக்கு நிறைய பிரியாணி வைத்து, மூடியைத் துணியால் இறுகக் கட்டித் தருவார். இடிந்த கோட்டை மதிலருகே, சுனையோரம் உட்கார்ந்துதான் அதை அவிழ்க்க வேண்டும் என்பது உன் சட்டம். வழியில் ஒரு வாய் கேட்டால்கூட முறைப்பாய். மேலே போனதும் மதிலில் ஏறி நின்று, கீழே புள்ளியாகத் தெரியும் ஷாப்பைக் காட்டி, "பாத்தியா தோஸ்த், இங்கேர்ந்து நாத்தமே இல்ல" என்பாய். வருஷா வருஷம் அதே பேச்சு. நானும் வருஷா வருஷம் சிரிப்பேன்.

அந்தக் கடைசி வருஷம் அடிவாரத்திலேயே உன் கழுத்தைப் பார்த்தேன். தோல் கட்டு சுமக்கும் பக்கம், நடுவில் கறுத்து, சுற்றிலும் சிறு கொப்புளங்கள்.

"இன்னாடா இது?"

"பூச்சி கடிச்சிருக்கும். வலிக்கல. நட."

நட என்றாய், நடந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்து, உப்பு பட்டுக் கால் வெடித்துப் பிழைத்தவர்கள் நாம். வலிக்காத புண்ணை ஷாப்பில் யாரும் புண் என்று சொல்வதே இல்லை. மேஸ்திரியிடம் காட்டியிருந்தாலும் சிரித்துத் துரத்தியிருப்பார்.

பாதி மலையில் பூத்துக் கிடந்த ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாய். "இத்தினி வருசமா தோலு பதம் பண்ண இதோட பட்டையத்தான் பாத்தோம். பூவும் நல்லாத்தான் கீது" என்றாய். நீ பூ பார்த்து உட்காருகிற ஆள் இல்லை.

சுனைக்கு வந்தும் நீ தூக்கின் கட்டை அவிழ்க்கவில்லை. "நீ துன்னு. எனக்கு அப்பறம்." உச்சி வெயிலில் உனக்குக் குளிர் நடுக்கியது. கழுத்தும் தாடையும் ஒன்றாக வீங்கிவிட்டன. ஒரு வாயாவது ஊட்டலாம் என்று நானே அவிழ்த்தேன். உன் தலை சரிந்தது. பிடிக்கப் பாய்ந்ததில் தூக்கு கவிழ்ந்து மூடி பாறையில் உருண்டது. கத்திப் பார்த்தேன், என் குரல்தான் மதிலில் பட்டுத் திரும்பியது. உன்னை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"ஜாஸ்தி வெயிட்டாடா?" என்று காதருகே கேட்டாய்.

"கம்மிதான்" என்றேன். அதன்பின் நீ பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை.

ஹகீம் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அந்த வாரம் முடியுமுன் உன்னை அடக்கம் செய்தோம். அது தோலிலிருந்து ஒட்டும் நோய், அந்தப் புண் வலிக்கவே வலிக்காது என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். தெரிந்து இனி யாருக்கு என்ன என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

இப்போது நான் மேஸ்திரி. யார் புண்ணோடு வந்தாலும் முதலில் "வலிக்குதா?" என்றுதான் கேட்கிறேன். வலிக்குது என்று முனகினால் எனக்குச் சந்தோஷம். பைத்தியம் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும்.

நேற்று தோல் கட்டு இறக்குகிறவன் ஒருவன், புதிதாகக் கல்யாணமானவன், என் முன்னால் வந்து நின்றான். கழுத்தில் அதே கறுப்பு. கேட்டேன்.

"கொஞ்சங்கூட வலிக்கல மேஸ்திரி" என்று சிரித்தான்.

அவனையும் அவன் மனைவியையும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏற்றினேன். வழியில் கொடுக்க அந்தத் தூக்கில் கஞ்சி ஊற்றித் தந்தேன். பிழைப்பானா என்று அவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள். நசுங்கின மூடி, சரியாக உட்காராது, அழுத்திப் பிடித்துக்கொள் என்றேன்.