ஏரிக்கரையில் வறுத்த மிளகாய்

அன்புள்ள பெல்தென்,

நீயும் பிள்ளையும் சுகம்தானே? என் இருமல் விட்டுவிட்டது.

பனி ஏரி நிரம்பி உடைந்து நம் ஆற்றில் பாய்ந்துவிடாமல் இருக்க, இன்னும் வாய்க்கால் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நேற்றுக் காலை வாய் கேட்டதே என்று கரையிலேயே மிளகாய் வறுத்துவிட்டேன். நெடி கிளம்பிய கொஞ்ச நேரத்தில், எதிரே வீடளவு பனிப்பாறை ஒன்று இடிந்து ஏரிக்குள் விழுந்தது. அலை வந்து அடுப்பை அணைத்தது, அவ்வளவுதான்.

"ஏரித் தாய்க்கு நெடி ஆகாதுன்னு தெரியாதாடா? வாயைக் கட்ட முடியலையா உனக்கு?" என்று என்னோடு வாய்க்கால் வெட்டும் நம்கே அண்ணன் கத்தினார்.

இஞ்சினியர் சிரித்தார். "மிளகா மேல ஏம்ப்பா பழி? வருஷா வருஷம் சூடு ஏறுது, மலை உருகுது."

அண்ணன் சொன்னதே நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மிளகாய் என்றால் நான் விட்டுவிடலாம்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. நெல் மூட்டைகளை மேட்டிலிருக்கும் அக்கா வீட்டில் போட்டுவை, கீழே எலித் தொல்லை. பிள்ளையும் அங்கேயே தூங்கட்டும், ஆற்றோரம் ஈரக்காற்று.

கடிதம் கொண்டுவருபவர் கிளம்பிவிட்டார். ஆற்றங்கரை வெள்ள அபாயச் சங்கு ஊதினால், சும்மா சோதனை என்று யார் சொன்னாலும் நிற்காதே. செருப்பைக்கூடத் தேடாதே.

உன் சிங்யே