உன் வயிற்றுச் சூடு

கல்மண்டபத்துப் பக்கம் ஐஸ் வண்டி போய்விட்டது. ஐஸைப் பொதிந்திருந்த நனைந்த மரத்தூளின் வாடை மட்டும் போகவில்லை. உட்கார முடியவில்லை எனக்கு. ஜன்னலைச் சாத்துகிறேன், திரும்பத் திறக்கிறேன். சனியன் பிடித்த வாடை! உனக்கே எழுதித் தொலைக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். அம்மா வேப்பிலைத் தண்ணீரை வெயிலில் வைத்திருந்தாள். உடம்பு எரிகிறதென்று நான் முனகியது உன் காதில் விழுந்துவிட்டது. நீ விற்கும் மீன் பெட்டிக்கு வந்த ஐஸை உடைத்துக் கோணியில் தூக்கி வந்து தண்ணீரில் கொட்டினாய். "ஆத்தாவுக்குக் குளிர்ச்சின்னா உசுரு நைனா. குந்து, ஊத்துறேன்." ஆகா, என்ன சுகம்! சாயங்காலமே நடுக்கம், முதுகுவலி. மூத்திரம் கருங்காப்பியாகப் போனது. கண் மஞ்சளாகி, நிற்கவும் தெம்பில்லை. ஆத்தாவின் கோபம் என்றது குப்பம். நீதான் யாரையும் கேட்காமல் என்னை ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய்.

"அம்மையோட சண்டை போட்ட ரத்தம், இப்ப தன்னையே எதிரின்னு நினைச்சு உடைக்குது. குளிர் பட்டா அந்த ஆட்டம் அதிகம்" என்றார் டாக்டரம்மா. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதுமே நீ கையை நீட்டினாய்; நாம் இருவரும் ஒரே குரூப்தான். ஆனாலும் சோதனைக் குழாயில் நம் ரத்தம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டது. சூட்டில் வைத்ததும் கலைந்தது. அநேகமாக எல்லார் ரத்தத்திலும் உள்ள ஏதோ ஒரு குணத்தை என் ரத்தம் பகைக்கிறதாம். வேறு ஆள் தேடிப் பயனில்லை, உன்னுடையதையே வெதுவெதுப்பாக ஏற்ற வேண்டும் என்றார்.

உன் ரத்தப் பாட்டில் குளிர்ந்திருந்தது. நர்ஸ் வெந்நீர் கொண்டுவரப் போனார். அதற்குள் நீ பாட்டிலைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக் குந்திவிட்டாய். "வெந்நீர் இன்னாத்துக்கு? என் வயிறு கீதே!" திரும்பி வந்த நர்ஸ் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. "நான்தாம்மா ஐஸ் தண்ணி ஊத்துனேன்" என்று அழுதாய்.

பிழைத்தேன். சில வாரங்களில் நோய் என்னை விட்டது; உன்னை விடவில்லை. ஒரு தூறல் போதும், "துண்ட தலைல போடுடா கஸ்மாலம்!" என்று தெருமுனையிலிருந்தே கத்துவாய். மீனே கெட்டாலும் நீ ஐஸைத் தொட்டதில்லை. "உன்னாலதான்டா பொழைச்சேன்" என்று எத்தனை தடவை சொன்னேன்! கேட்டாயா?

போன வாரம், கப்பல் வேலையிலிருக்கும் உன் தம்பி வந்து சேரும்வரை உன்னை ஐஸ் பாளங்கள்மேல் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் மரத்தூள். எனக்குப் பொறுக்கவில்லை. போர்வையை விலக்கி உன் வயிற்றில் இரண்டு கையையும் வைத்தேன். "வெறைச்சிப் பூடும் மாமு, கைய எடு" என்றார்கள். எடுக்கவில்லை. சூடு ஏறாது என்று எனக்குத் தெரியாதா?

நீ இருந்திருந்தால் கத்தியிருப்பாய். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான்டா இதை எழுதுகிறேன்.