வியாழக்கிழமைச் சமையல்

ஓடர்,
நவம்பர் 14, வெள்ளி

அன்புள்ள தேயாவுக்கு,

மூவரும் சௌக்கியம். ஆர்ஹுஸ் விடுதியில் உன் அறையும் கதகதப்பாக இருக்கும் என்று நம்புகிறேன். நீ எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போன கையுறையை இத்துடன் அனுப்புகிறேன்; சைக்கிள் ஓட்டும்போது போட்டுக்கொள்.

இங்கே மழை விட்டபாடில்லை. சில்லே கணக்குப் பரீட்சையில் தேறிவிட்டாள். அவளும் நம்பவில்லை, அவள் அப்பா பிரேபனும் நம்பவில்லை.

திங்களன்று உங்கள் மாணவர் அலுவலகத்து அம்மாள் போன் செய்தார். எங்கள் வீட்டை விட்டு வந்ததற்குக் காரணமாக, “ஆறு வாரம் விருந்தாளி, ஏழாவது வாரம் வேலைக்காரி” என்று நீ சொன்னாயாம். எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். போனை வைத்த பிறகுதான், உங்கள் ஊர் குத்தாய்சியில் வீட்டுக்கு வந்த விருந்தாளி குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்கக் கூடாது என்று நீ ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. அதுவரை பிரேபன், தான் வினிகரில் ஊறவைத்த மீன்தான் நீ போனதற்குக் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், ஒரு மாதமாக அதை ஊறவைக்கவே இல்லை.

ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் சமையல் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். திங்கள் பிரேபன், செவ்வாய் நான், புதன் சில்லே. ஆறு வாரம் உன்னை ஒரு தட்டும் கழுவ விடவில்லையே, அப்போதுதான் நீ எங்களுக்கு வெளியாள். ஆறாவது வாரம் முடிந்த ஞாயிறன்று பிரேபன், “இன்னும் எத்தன நாளைக்கு அவள விருந்தாளியாவே வெச்சிருப்பீங்க? பேர எழுதுங்க, நம்ம வீட்டுப் பொண்ணுதானே” என்றார். சில்லே யாருக்கும் தராத தன் பச்சைப் பேனாவால் வியாழனுக்கு நேரே உன் பெயரை எழுதினாள். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மூவருக்கும் தோன்றவில்லை. வாயால் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி ஒட்டுவது இந்த வீட்டின் கெட்ட பழக்கம். மன்னித்துக்கொள். மறுநாளே நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு, நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது.

நீ போனதிலிருந்து வியாழக்கிழமை எங்கள் வீட்டில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. நேற்றும் கருப்பு ரொட்டியும் அதில் தடவும் ஈரல் விழுதும்தான். “தேயா வர்ற வரைக்கும் இதையே தின்னணுமா?” என்று சில்லே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சரி, நானே சமைத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். “உக்காரு. அது அவ நாளு” என்று பிரேபன் விடவில்லை. நீ வால்நட் அரைத்துச் செய்வதாகச் சொன்ன அந்தக் கத்தரிக்காய்க் கறிக்காக இரண்டு கிலோ வால்நட் வாங்கி, தானே உடைத்து டப்பாவில் வைத்திருக்கிறார். அதில் கைவைக்க எனக்கும் அனுமதி இல்லை.

ஒரு வியாழக்கிழமை வா. சமைக்க வேண்டும் என்பதில்லை. எங்கள்மேல் கோபம் தீரவில்லை என்றால், வந்து உன் கையால் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டுப் போ. நாங்கள் மூவரும் அதை அடிக்க மாட்டோம்.

நன்றாகப் படி, வேளைக்குச் சாப்பிடு.

ரொட்டி தின்று அலுத்த,
கரேன்